அந்தரத்தில் முறுக்கிய நட்டு

கோயம்புத்தூரில் ஓர் உதிரிபாகக் கடை. காலை 11 மணி, நல்ல கூட்டம். கையில் கொண்டுபோயிருந்த பாலித்தீன் பையைக் கல்லா மேசைமேல் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, "இதை ரப்பர்னு சொல்லி விக்கிறீங்களே, நாங்க மலையில பொண்டாட்டி புள்ளையோட வண்டி ஓட்டறவங்க, தெரியுமா?" என்று கத்தினேன். கிழிந்த கறுப்புத் துண்டுகள் கண்ணாடிமேல் உருண்டு, இரண்டு கீழே விழுந்தன. பிரேக் ஷூ வாங்க வந்திருந்த டிரைவர்கள் இரண்டு பேரும் ஒரு பட்டறைப் பையனும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரருக்கு என் அப்பா வயது இருக்கும். "இருங்க சார், மொதல்ல உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கோபம் இறங்கிவிடும் என்று பயம்.

அந்தக் கோபத்தில் எனக்குத் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுவது அதற்காகத்தான்.

எனக்கு வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் அலுவலகத்தில் வேலை. வண்டி 2004 மாடல் ஜிப்சி. கேன்வாஸ் கூரை, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. 2014-ல் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்காரரிடமிருந்து வாங்கினேன். ஜிப்சி இந்தியாவில் இறங்கியது 1985 கடைசியில். அப்போது 970 சிசி இன்ஜின். பிறகு 1300 ஆனது, 2000 வாக்கில் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. அடிப்பாகத்தின் அமைப்பில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் ஒரே தண்டாக அச்சு, நான்கு மூலைக்கும் லீஃப் ஸ்பிரிங் என்கிற பட்டை. இதன் ஒன்றுவிட்ட தம்பியான ஜிம்னி காயில் ஸ்பிரிங்குக்கு மாறிப் பல வருஷம் ஆன பிறகும் ஜிப்சி பட்டையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பட்டாளத்துக்கு அது போதுமென்று இருந்தது, மலைக்காரர்களுக்கும்தான்.

உடுமலைப் பக்கம் என் அப்புச்சியிடம் ஒரு வில்வண்டி இருந்தது. அந்த வில்லும் இந்தப் பட்டையும் ஒரே சாதி. அப்புச்சியின் வண்டியில் இரும்பு இரும்போடு உரசும், அதனால் எந்நேரமும் மை வேண்டும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டிமை, மூங்கில் குழாயில் வண்டிக்கடியில் தொங்கும். கிறீச்சென்று சத்தம் கேட்டால் அப்புச்சி இறங்கிப் போய் மை தடவிவிட்டு வருவார், சத்தம் அடங்கிவிடும். சத்தம் என்று எது வந்தாலும் அதற்கு மைதான் மருந்து என்று ஐந்து வயதில் என் மண்டையில் ஏறிவிட்டது. நாற்பத்தைந்து வயதில் அது காலை வாரிவிட்ட கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஜிப்சியில் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது. பட்டையின் முனையை வளையமாகச் சுருட்டியிருப்பார்கள். அந்த வளையத்துக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் தொப்பி வைத்த ரப்பர் புஷ் ஒவ்வொன்று போகும், நடுவே பின். நட்டை முறுக்கினால் இரண்டு தொப்பியும் நசுங்கி, ரப்பர் பின்னையும் வளையத்தையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தில் நேராக மாட்டியிருப்பார்கள். மறுமுனை ஷேக்கிள் என்கிற ஊஞ்சலில் இருக்கும். பாரம் ஏறிப் பட்டை நிமிரும்போது அது நீளும் அல்லவா, அந்த நீளத்துக்கு இடம் கொடுக்க ஊஞ்சல் ஆடியாக வேண்டும். ஊஞ்சலின் மேலேயும் கீழேயும் புஷ். ஆக ஒரு பட்டைக்கு 6, வண்டிக்கு 24. இந்த ரப்பருக்குள் பின் வழுக்கிச் சுழல்வதில்லை. பட்டை அசையும்போதெல்லாம் ரப்பரே முறுகி, முறுகிய வழியே திரும்பி வருகிறது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால் வந்ததுதான் இத்தனையும்.

வாங்கிய இரண்டாம் வருஷம் சத்தம் தொடங்கியது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒரு 'டொக்'. எஸ்டேட் கல்ரோட்டில் போனால் டொக், டொக், டொக். "ஏங்க, அடியில இருந்து யாரோ கதவத் தட்டற மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி. ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்று நாலையும் மாற்றினேன். சத்தம் போகவில்லை. வண்டி ரோட்டில் மெல்ல அலையவும் தொடங்கியதால் அலைன்மென்ட் பார்த்தேன், ஒரு முறை அல்ல, மூன்று முறை. முழு அச்சு வண்டியில் அந்த மிஷினால் சக்கரம் உள்ளே திரும்பியிருப்பதையோ வெளியே திரும்பியிருப்பதையோ மட்டும்தான் திருத்த முடியும். அது தெரியாமல் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் சீட்டை மடித்து டேஷ்போர்டில் வைத்துக்கொண்டேன், ஜாதகம் மாதிரி. பிறகு வீல் பேலன்சிங். பிறகு முன்சக்கரத்துக்குப் புது டயர். பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. டொக் அப்படியே இருந்தது.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. ஒரு சனிக்கிழமை கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். லோம்ஸ் வியூ இருக்கும் 9-வது வளைவைத் தாண்டியதும் அரசுப் பேருந்து ஒன்று ஏறி வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி வலப்பக்கம், பஸ்ஸைப் பார்த்து, ஒரு சாண் இழுத்தது. ஸ்டீயரிங்கை நான் அசைக்கவேயில்லை. டிரைவர் என்னைத் திட்டினார், நியாயமான திட்டு. பின் பெஞ்சில் என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

பொள்ளாச்சியில் ஒரு சின்னப் பட்டறை. பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கடப்பாரையின் நுனியைப் பட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினான். பட்டையின் முனை விரற்கடை அளவுக்கு முன்னே போய்ப் பின்னே வந்தது. டொக். "புஷ்ஷே இல்லீங்ணா. ரப்பர் இருந்த எடத்துல மண்ணுதான் இருக்குது." ஜிப்சியில் பட்டைக்கு இரண்டு வேலை. வண்டியைத் தாங்குவதும் அதுதான், அச்சை இழுத்துப் பிடித்து அதன் இடத்தில் நிறுத்துவதும் அதுதான். ஒரு பக்கம் மட்டும் புஷ் தேய்ந்தால், பிரேக் போட்டதும் அந்தப் பக்க அச்சு பின்னால் நகரும். அச்சே கோணினால் ஸ்டீயரிங் என்ன செய்யும்?

கூலி மூவாயிரம், வண்டியை இரண்டு நாள் விட வேண்டும் என்றான். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு போல்ட்டு, ஒரு நட்டு, நடுவில் ரப்பர். இதற்கு மூவாயிரமா? ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் அள்ளிக் கொடுத்தபோது வராத கணக்கு, நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவனிடம் மட்டும் வந்தது.

கோயம்புத்தூரில் புஷ் செட் வாங்கினேன். கம்பெனிச் சாமான் கையில் இல்லை, வர ஒரு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். "உள்ளூர்ல ஒருத்தர் போடறார், நல்லாருக்கும், நான் கேரண்டி" என்று ஒரு பொட்டலத்தை எடுத்துத் தந்தார். விலை பாதிக்கும் கீழே. எனக்கு அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது.

ஆயுத பூஜைக்குத் தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை. "எல்லாரும் ஆயுதத்தைக் கழுவிப் பொட்டு வெக்கற அன்னிக்கு நீங்க எடுத்து வேலை செய்யறீங்களே" என்றாள் மனைவி. வீட்டுக்குப் பின்னால் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சட்டத்துக்குக் கீழே கட்டைகளை அண்டக் கொடுத்து, நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். வால்பாறை மழை இரும்பை என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜூனில் பிடித்தால் செப்டம்பர்வரை துவைத்துக் காயப்போட்ட துணி காயாத ஊர் இது. நட்டுகள் துருவில் ஒன்றிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்தும் பாதிதான் அசைந்தன. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி மிதித்ததில் ஒரு போல்ட்டின் தலையே முறிந்தது. ஒரு ஷேக்கிள் பின்னை ஆக்சா பிளேடால் அறுத்தேன். இரண்டு பிளேடு, ஒரு சாயங்காலம். பழைய ரப்பர் வளையத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கேஸ் டார்ச்சால் எரித்தேன். யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். அந்தக் கரும்புகையில் இருமிய இருமல் தீர ஒரு வாரம் ஆனது. பக்கத்து லைன் வீட்டு அம்மா துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

புது புஷ் உள்ளே போக மறுத்தது. பாதி போய் நிற்கும், சுத்தியலால் தட்டினால் துள்ளி வெளியே வரும். அப்போதுதான் அப்புச்சி வந்தார். வீல் பேரிங்குக்கு வைத்திருந்த கிரீஸ் டப்பாவைத் திறந்து, வளையத்துக்குள்ளும் புஷ்ஷிலும் தாராளமாக வழித்துப் பூசினேன். வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு ஒரே பெருமை. எல்லாவற்றையும் மாட்டி, சக்கரம் இல்லாத அந்த அந்தரத்தில் நன்றாகக் கை போகும் என்பதால், ஒவ்வொரு நட்டாகப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். இதிலும் குழாயைச் செருகினேன். மூன்றாம் நாள் இருட்டும்போது மழை வருகிற மாதிரி இருந்தது. அதற்குள் முடித்துவிட்டோம் என்று இருந்தது எனக்கு. ஸ்பேனர்களைக் கழுவிப் பொட்டு வைத்தேன், ஒரு நாள் தாமதமாக.

வண்டி ஓடியது. டொக் இல்லை. ஆனால் கட்டையாக இருந்தது. முன்பு பள்ளத்தில் இறங்கி எழுந்தது, இப்போது பள்ளத்தில் இடித்துக்கொண்டு எழுந்தது. பின் பெஞ்சில் உட்கார்ந்த என் அம்மா இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். புது ரப்பர், அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும் என்று சொன்னேன். டீக்கடையில் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், மூவாயிரம் மிச்சம் பண்ணிய கதையைச் சொன்னேன். ஜீப் வைத்திருந்த அலுவலக நண்பர் ஒருவருக்கு ஆலோசனைகூடச் சொன்னேன். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

நாலே மாதம். பிப்ரவரியில் மறுபடியும் டொக். குனிந்து பார்த்தால் புஷ்ஷின் தொப்பிகள் பிதுங்கி வெளியே வந்திருந்தன. கழற்றினால் சில கொழகொழவென்று இருந்தன, சில உட்பக்கம் கிழிந்து நாராகத் தொங்கின. அவற்றைத்தான் பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "எப்படி மாட்டினீங்க சார்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "மாட்டறதுல என்னங்க இருக்கு? உங்க சாமான் டூப்ளிகேட்" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பணம் வாங்கவில்லை. வெற்றி பெற்றவன்போலப் படி இறங்கினேன்.

அதையும் அதே மாதிரிதான் மாட்டினேன். அதே கிரீஸ், அதே அந்தரம், அதே குழாய். ஜூலையில், மழைக்கு நடுவே, அதுவும் போனது.

இந்தத் தடவை நண்பர்கள் பாலியூரித்தேன் புஷ் போடு என்றார்கள். ஆன்லைனில் பளிச்சென்று சிவப்பிலும் மஞ்சளிலும் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கையில் யாரோ சொல்லி, ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் இருந்த மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல். ஒரு காலத்தில் எஸ்டேட் லாரிகளையும் ஜீப்புகளையும் பார்த்துக்கொண்டவர். இப்போது கண் சரியில்லை என்று பெரிய வேலை எடுப்பதில்லை. தோளில் ஒரு துண்டு, காதில் பீடி.

பையைக் கொடுத்தேன். கத்தவில்லை, ஏனோ அவரிடம் கத்த முடியவில்லை. ஒரு புஷ்ஷை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். முகர்ந்தார்.

"கிரீஸ் வெச்சீங்களா சார்?"

"உள்ள போகமாட்டேன்னுச்சு மேஸ்திரி. கொஞ்சமாத்தான்."

"ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுங்க. குடிச்சு ஊதிரும். அப்புறம் சோறு மாதிரி ஆயிரும்."

இன்னொன்றை எடுத்தார். இதில் கிரீஸ் அவ்வளவாகப் படவில்லை. ஆனால் உள்துளையில் கிழிசல் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். "பாத்தீங்களா, எல்லாக் கிழிசலும் ஒரே பக்கமாப் போவுது. ரோட்டு ஆட்டத்துல கிழிஞ்சா ரெண்டு பக்கமும் கிழியணுமில்ல? இது திருகி வெச்சுக் கிழிஞ்சது." பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்: "நட்டை எப்ப டைட் வெச்சீங்க? வண்டி ஜாக்கியில நிக்கறப்பவா, தரையில நிக்கறப்பவா?"

எனக்கு அது அசட்டுக் கேள்வியாகப் பட்டது. "ஜாக்கியிலதான். தரையில இருந்தா எப்படிங்க கை போகும்?"

மேஸ்திரி சிரிக்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்தார். "கையை நேரா நீட்டுங்க" என்றார். நீட்டினேன். முழங்கையைச் சுற்றித் துண்டை இறுக்கி, அழுத்தி, ஒரு முடிச்சுப் போட்டார். "இப்ப மடக்குங்க." பாதிதான் மடங்கியது. துண்டு சதையை அறுத்தது. "இப்படியே நாள் பூரா மடக்கி வெச்சுக்கிட்டு வேலை செய்யணும்னா?" முடிச்சை அவிழ்த்துவிட்டு, "இப்ப மடக்கிக்கிட்டு நில்லுங்க" என்று சொல்லி, மடங்கிய முழங்கையில் அதே இறுக்கத்தில் கட்டினார். கொஞ்சம் நீட்ட முடிந்தது, கொஞ்சம் மடக்க முடிந்தது. வலிக்கவில்லை.

நான் அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சக்கரம் இல்லாமல் சட்டத்தைத் தூக்கி நிறுத்தினால் அச்சு தன் பாரத்தில் கீழே தொங்கும். பட்டை வில்லாக வளையும், ஷேக்கிள் ஒரு பக்கம் சாயும். அந்த நிலையில் நட்டை முறுக்கினால் ரப்பர் அந்த நிலையையே தன் சொந்த நிலையாக எடுத்துக்கொண்டு கவ்வும். பிறகு வண்டியைத் தரையில் இறக்குகிறோம். ஏறக்குறைய ஒரு டன் எடை உட்காருகிறது, பட்டை நிமிர்கிறது, ஷேக்கிள் மறுபக்கம் சாய்கிறது. வண்டி ஒரு அடிகூட நகரவில்லை, அதற்குள் 24 ரப்பரும் முறுகி நிற்கின்றன. ராத்திரி கொட்டகையில் சும்மா நிற்கும்போதும் முறுகியே நிற்கின்றன. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அந்த முறுக்கின்மேல் இன்னொரு முறுக்கு. வண்டி கட்டையாக இருந்ததும் அதனால்தான். பட்டையோடு சேர்த்து ரப்பரும் ஒரு ஸ்பிரிங்காக எதிர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அம்மாவின் இடுப்பு சொன்னதை நான் கேட்டிருக்கலாம்.

வெட்கம் இதோடு நிற்கவில்லை. அன்று ராத்திரி என் போனில் வருஷக்கணக்காகக் கிடந்த சர்வீஸ் மேனுவலைத் திறந்து பார்த்தேன். படங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து வேலை செய்தவன் நான். அங்கே, படத்துக்குக் கீழே, நட்டை மாட்டிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. 'எப்படி மாட்டினீங்க சார்?' என்று கடைக்காரர் கேட்டது இதைத்தான். அப்போது ஒரு நிமிஷம் உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தால் ஐந்து மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மூன்றாவது செட் மேஸ்திரியின் கொட்டகையில். பாலியூரித்தேனைப் பற்றிக் கேட்டேன். "நானும் போட்டுப் பாத்திருக்கேன். நாள் நிக்கும். ஆனா கட்டை, அப்பப்ப கத்தும். கல்ரோட்டுக்கு ரப்பர்தான் சுகம்" என்றார். அவர் கருத்து அது. பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும், எனக்கு அந்த வம்பு வேண்டாம். கம்பெனிச் சாமானே ஆர்டர் போட்டு வரவழைத்திருந்தேன், கடைக்காரரைப் பார்க்க முகமில்லாததால் வேறு ஊரில். வளையங்களின் உட்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துரு எடுக்கச் சொன்னார் மேஸ்திரி. ஒரு பிளாஸ்டிக் வாளியில் சோப்புத்தண்ணீர். புஷ்ஷை அதில் முக்கி எடுத்து, வைஸில் வைத்து அமுக்கியதும் உள்ளே போய்விட்டது. சுத்தியலே தேவைப்படவில்லை. "தண்ணி காஞ்சிரும், ரப்பர் புடிச்சுக்கும்" என்றார்.

நட்டுகளை விரலால் ஏறுமட்டும் ஏற்றினோம், அதற்குமேல் ஒரு சுற்று. சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினோம். கொட்டகைக்கு வெளியே இருபது அடி முன்னால் தள்ளி, இருபது அடி பின்னால் தள்ளினோம். பிறகு மேஸ்திரியும் பக்கத்துக் கடைப் பையன்கள் இரண்டு பேரும் நானும் பின்னால் ஏறி நின்று குதித்தோம். மேஸ்திரி மட்டும் குதிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை ஆட்டினார். பட்டைகள் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்த பிறகு, சாக்கை விரித்து என்னைக் கீழே அனுப்பினார். இந்த வண்டியின் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். அது விளம்பரத்தில் பெரிய எண். நெஞ்சை அடியில் நுழைத்தால் பெரிதாகத் தெரியாது. ஸ்பேனர் கால் சுற்று திரும்பவும் இடமில்லை. அரைக்கால், அரைக்காலாக முறுக்கினேன். மண் கண்ணில் விழுந்தது. நான் முதல் தடவை எதற்காக அந்தரத்திலேயே முடித்தேன் என்று அங்கே படுத்திருந்தபோது நன்றாக விளங்கியது. சுகமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

குழாயைக் கேட்டேன். "வேணாம், கை பலம் போதும்" என்றார் மேஸ்திரி. கூலி எவ்வளவு என்றதற்கு, பொள்ளாச்சிப் பையன் என்ன கேட்டான் என்று விசாரித்தார். மூவாயிரம் என்றேன். "சரியாத்தான் கேட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு, பாதி வாங்கிக்கொண்டார், நானே பாதி வேலை செய்ததால்.

வீட்டுக்குப் போகும் வழியில் வேகத்தடையில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றினேன். வண்டி குனிந்து, எழுந்து, போய்க்கொண்டே இருந்தது. "தட்டினவங்க போயிட்டாங்களா?" என்றாள் மனைவி. அதற்கப்புறம் எத்தனையோ மழை பார்த்தாயிற்று. வருஷத்துக்கு ஒரு முறை கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பிப் பார்க்கிறேன். இன்னும் ஆட்டமில்லை.

கடைக்காரரிடம் போக இரண்டு மாதம் ஆனது. மழை, தணிக்கை, மகளுக்குப் பரீட்சை. எல்லாம் நிஜக் காரணங்கள்தான், எதுவும் காரணமில்லை. ஒரு நாள் ஆயில் ஃபில்டர் வாங்கும் சாக்கில் போனேன். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றேன். அன்று கூட்டத்துக்கு நடுவில் கத்தியவன், இன்று ஆள் இல்லாத நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

"அந்த ஜிப்சி புஷ்ஷுங்க. தப்பு உங்க சாமான்ல இல்ல. நான்தான் தப்பா மாட்டியிருக்கேன்."

அவருக்கு நினைவு வரச் சிறிது நேரம் ஆனது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு செட்டுமா?"

"ரெண்டும்."

"அப்ப அந்தப் பையன்மேல தப்பில்லையா?" என்றார், என்னைப் பார்த்தல்ல, அலமாரியைப் பார்த்து.

எந்தப் பையன் என்று கேட்டேன். குறிச்சிப் பக்கம் வாடகை ஷெட்டில் இரண்டு பிரஸ் வைத்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக ரப்பர் மோல்டிங் போட்டுக்கொண்டிருந்தவர். நான் கத்திவிட்டுப் போன மறுநாளே கடைக்காரர் மீதிச் சரக்கை அவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். தெரிந்த இன்னும் இரண்டு கடைக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறார். "மலை வண்டிங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்?" அவர் சொன்னதில் தப்பே இல்லை.

"இப்ப அவர்கிட்டச் சொல்லிடலாமுங்களா? மறுபடியும் வாங்கலாமில்ல?"

"சொல்லலாம். ஆனா அவன் இப்ப வண்டிச் சாமான் போடறதில்லீங்க. அந்த டையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டான். பம்ப்செட்டுக்கு ஏதோ வாஷர் போடறதாக் கேள்வி." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய விசிட்டிங் கார்டைத் தேடி எடுத்து என் பக்கம் நகர்த்தினார். ஃபில்டருக்குப் பில் போட்டார். முன்னே எடுத்துக்கொண்டு போன செட்டுக்கும் பணம் தருகிறேன் என்றேன். "அதை என்கிட்ட எதுக்கு?" என்றார்.

நம்பரைப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன், 'குறிச்சி ரப்பர்' என்று. போன மாதம் கீழே இறங்கி வரும்போது ஆழியார் செக்போஸ்ட் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி அதை அழுத்தினேன். நாலு ரிங் போனது. ஒரு பெண் எடுத்து, "சொல்லுங்க, யாருங்க?" என்றார். பின்னால் பிரஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.